பாலத்துக்கு இந்தப் பக்கம்

என் மனதில் இன்னும் விறைப்பாக நிற்கிற அப்பாவுக்கு,

உங்கள் வசந்தா எழுதுகிறேன். நீங்கள் போன பிறகு உங்களிடம் பேசாத நாள் கிடையாது. அடுப்படியில் பேசுவேன், மாடியில் துணி உலர்த்தும்போது பேசுவேன், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து உதடு அசையாமல் பேசுவேன். எழுத உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. நாலு பேர் படிக்கட்டும் என்றேதான் எழுதுகிறேன். வீட்டு விஷயத்தைத் தெருவில் வைக்காதே என்பீர்கள். இது வீட்டு விஷயம் மட்டும் இல்லை, அப்பா.

முதலில் என் செய்தி. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் பெண்பிள்ளைகளை வெயிலில் ஓடவிட்ட பி.டி. டீச்சருக்கு வீட்டில் சும்மா உட்கார மனசு வரவில்லை. காலையில் கொள்ளிடக்கரைப் பக்கம் நடக்கப் போகிறேன். பழைய மாணவிகள் ஸ்கூட்டியை நிறுத்தி, "மிஸ், இன்னும் அதே ஸ்பீடா?" என்று கேட்கிறார்கள்.

இனி தம்பி சேகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதமே.

உத்தர வீதியில் அவன் வைத்திருந்த ஜெராக்ஸ் கடை நீங்கள் பார்த்ததுதான். கோயிலுக்கு வந்தவர்கள், ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தவர்கள், வெறுமனே நிழலுக்கு ஒதுங்கியவர்கள் என்று எல்லோரிடமும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருப்பான். "ரேடியோவை முழுங்கிட்டுப் பொறந்தவன்" என்று நீங்கள் சொல்வீர்களே, வயது ஐம்பதைத் தாண்டியும் அந்த ரேடியோ நிற்கவில்லை. போன பங்குனியில்தான் நின்றது.

அன்றைக்கு டெல்லியிலிருந்து ஒரு பெரிய தலைவர் வந்தார். டவுன் மைதானத்தில் ராணுவத் தளவாடக் கண்காட்சி; அவர் கையால் திறப்பு விழா. அது முடிந்ததும் பெருமாள் சேவிக்க ஸ்ரீரங்கம் வருவதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் முன்னாலிருந்தே நம் ஊர் புதுமணப்பெண் மாதிரி ஆகிவிட்டது. வருஷக்கணக்கில் நாங்கள் மனு கொடுத்த பள்ளங்களெல்லாம் ஒரே ராத்திரியில் மூடிக்கொண்டன. சாக்கடை ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மறைப்பானேன், நானும் சந்தோஷப்பட்டேன்.

அன்று காலை, நம் தீவை டவுனோடு சேர்க்கிற காவிரிப் பாலத்தை அடைத்துவிட்டார்கள். கடையையும் திறக்கக் கூடாது என்று சொன்னதால் சேகர் வீட்டிலேயே இருந்தான். இட்லி சாப்பிட்டுக்கொண்டே மனைவி மாலதியிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தவன் பாதியில் குழறினான். தட்டு கையிலிருந்து நழுவியது. "அண்ணி! இவருக்கு வாய் கோணுது அண்ணி!" என்று மாலதி அலறிய அலறலில் பக்கத்து வீட்டு லோடு ஆட்டோக்காரர் காதர் பாய், பல் துலக்கிக்கொண்டிருந்த நுரை வாயோடு ஓடிவந்தார்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நல்ல பெண்தான், பாவம். "அம்மா, உங்க ஏரியா வண்டி இன்னிக்கு தலைவர் கான்வாய் டூட்டில இருக்குங்க. டவுன்லேருந்து அனுப்பணும்னா பாலம் திறக்கணும். லைன்லயே இருங்க, கேட்டுச் சொல்றேன்" என்றாள். எவ்வளவு நேரம்தான் லைனில் இருப்பது? தெருமுனையில் இருக்கும் டாக்டர் செருப்புக்கூடப் போடாமல் வந்து பார்த்தார். "ஸ்ட்ரோக். தலைக்கு ஸ்கேன் எடுத்துட்டு ஒரு ஊசி போடணும், அதுக்கு நேரக் கணக்கு இருக்கு. எதுக்கும் காத்திருக்காதீங்க டீச்சர், டவுன் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கெளம்புங்க."

காதர் பாய் வண்டியின் பின்னால் மெத்தையை விரித்து சேகரைக் கிடத்தினோம். மாலதி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் முன்னால் உட்கார்ந்தேன்.

பாலத்தின் முனையில் இரும்புத் தடுப்பு. நடுவில் ஒரு பெண் போலீஸ், இருபத்தைந்து வயசுகூட இருக்காது. நான் இறங்கி ஓடினேன்.

"மேடம், பெர்மிஷன் இல்லைங்க."

"பின்னாடி பாரும்மா. என் தம்பி. ஸ்ட்ரோக். ஊசி போட நேரம் போயிட்டே இருக்கு. பாலம் காலியாத்தானே கெடக்கு? ரெண்டு நிமிஷத்துல தாண்டிடுவோம்."

அவள் எட்டிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது. வயர்லெஸ்ஸில் கேட்டாள். மறுபடி கேட்டாள். அதிலிருந்து ஒரு குரல், "ஆர்டர்னா ஆர்டர்தான், யாரையும் விடாதே" என்றது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பைபாஸ் வழியாப் போயிடுங்கம்மா. நான் என்ன பண்ணுவேன்? விடிஞ்சதுலேருந்து இங்கயே நிக்கறேன், ஒண்ணுக்குப் போகக்கூட விடலை" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் வரவில்லை.

ஆனால் அந்தப் பாலத்தை என்னால் மறக்க முடியவில்லை, அப்பா. அவ்வளவு வெறுமையாக அதை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. ஒரு சைக்கிள் இல்லை, ஓர் ஆள் இல்லை. ஒரு தெருநாய் மட்டும் நடுப்பாலத்தில் சாவகாசமாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அதை யாரும் தடுக்கவில்லை.

காதர் பாய் வண்டியைத் திருப்பினார். திருவானைக்காவல் தாண்டி நெடுஞ்சாலையைப் பிடித்தால், அந்தப் பாலத்தை அடைத்ததால் திருப்பிவிட்ட வண்டிகளெல்லாம் அங்கேதான் நின்றன. லாரி, பஸ், கல்யாண வேன் என்று வரிசை. ஹாரன் அடித்து என்ன பயன்? அப்போது சமயபுரத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்த மஞ்சள் வேட்டிக்காரர்கள் கொஞ்சம் பேர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். ஒருவர், "டேய், உசுருடா, வழி பண்ணுங்கடா!" என்று கத்தினார். அவ்வளவுதான், வெறுங்காலோடு கொதிக்கும் தாரில் எங்கள் வண்டிக்கு முன்னால் ஓட ஆரம்பித்தார்கள். லாரிகளைத் தட்டி ஒதுக்கினார்கள். ஒரு பஸ் டிரைவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அந்த நெரிசல் முடியும் வரை வந்துவிட்டு, மறுபடி வந்த வழியே நடந்து போனார்கள். அவர்கள் எந்த ஊர், என்ன பேர், எதுவும் எனக்குத் தெரியாது.

அப்படியும் தாமதமாகிவிட்டது. ஸ்கேனைப் பார்த்த டாக்டர், "உயிருக்குப் பயமில்லைம்மா. ஆனா அந்த ஊசியை இனிமே போட முடியாது, போட்டா தலைக்குள்ள ரத்தம் கசிஞ்சிடும். கொஞ்சம் முந்தி வந்திருந்தா..." என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்தக் 'கொஞ்சம்' இன்னும் என் நெஞ்சில் கிடக்கிறது.

அன்று மாலை வார்டில் யாரோ ஒருவர் போனில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. பீரங்கி மேல் குழந்தைகள் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார்கள். தலைவர் கை அசைத்தார். இந்த நாட்டில் இனி யாரும் பயப்பட வேண்டியதில்லை என்றார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. என் பக்கத்தில் மாலதி, சேகரின் செருப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு நெஞ்சோடு பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீங்கள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? பனிமலையில் செய்திப்பிரிவு சிப்பாயாக நின்று, கால்விரல் நுனிகளைக் குளிருக்குக் கொடுத்துவிட்டு வந்தவர் நீங்கள். "நான் அங்க நின்னாத்தான் நீங்க இங்க நிம்மதியா இருக்கலாம்" என்பீர்கள். ராணுவத்தைப் பற்றி யார் குறை சொன்னாலும் எழுந்து போய்விடுவீர்கள். நான் ராணுவத்தைக் குறை சொல்லவில்லை, அப்பா. எல்லையில் நிற்கிற பிள்ளைக்கு நல்ல பூட்ஸும் நல்ல துப்பாக்கியும் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் அப்பாவுக்கு ஊரில் நெஞ்சுவலி வந்தால் பாலத்தைத் திறக்க ஆள் வேண்டாமா? நீங்கள் காத்துக்கொடுத்த வீட்டுக்குள் எங்களை யார் பார்த்துக்கொள்வது? ஒரு மனிதர் பத்திரமாகப் போக வேண்டும் என்பதற்காக ஒரு தீவையே பூட்டிவைப்பதற்கும் பாதுகாப்பு என்றுதான் பெயரா?

நீங்கள் எழுந்து போய்விடாமல் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். டி.வி.யில் சண்டை வேண்டும் என்று கத்துகிறவர்களைப் பார்த்து, "குண்டுச் சத்தம் கேக்காத காதுடா அது" என்று சேனலை மாற்றியவர்தானே நீங்கள்.

சேகர் வீட்டுக்கு வந்துவிட்டான். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. முழுதாகப் போகவில்லை, ஒரே ஒரு வார்த்தை மிச்சம் இருந்தது: 'சரி'. பசிக்கிறதா என்றால் சரி. வலிக்கிறதா என்றால் சரி. போதுமா என்றால் சரி, வேண்டாமா என்றாலும் சரி. மனசுக்குள் எல்லாம் இருக்கும்மா, வாய்க்கு வழிதான் தெரியலை என்றார் டாக்டர். உள்ளே அடைபட்டுக்கொண்டு அவன் எங்களைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

நடக்கப் பழக்குகிறவர், பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவர் என்று இருக்க வேண்டிய இடங்களுக்கு இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆள் போடவே இல்லை. எப்போது போடுவார்கள் என்றும் யாருக்கும் தெரியவில்லை. அதனால் நானே விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். சுவரைப் பிடித்து நிற்கவைப்பேன். காலைத் தூக்கவைப்பேன். சோம்பினால் ஊதுவேன். அவன் ஒரு பக்க வாயால் சிரிப்பான்.

மனுக்களும் கொடுத்தேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் வரட்டும், பாலத்தை அடையுங்கள். அடைக்கிற நாளில் எங்கள் தீவுக்குள் ஓர் ஆம்புலன்ஸ் நிற்கட்டும், நோயாளி வந்தால் வழி விடட்டும். அவ்வளவுதான். ஓரிடத்தில் இது பாதுகாப்பு விஷயம், நாங்கள் பேச முடியாது என்றார்கள். பாதுகாப்புக்காரர்களிடம் போனால் இது சுகாதார விஷயம், அங்கே போங்கள் என்றார்கள்.

அப்படி இருக்கையில்தான் என் பழைய ஹெட்மிஸ்ட்ரஸ் போன் செய்தார். எல்லையில் பதற்றமாக இருந்த சமயம். நான் வேலை பார்த்த பள்ளி மைதானத்தில் போர்க்கால ஒத்திகை நடத்தப்போகிறார்களாம். "சைரன் ஊதும், காயம்பட்டவங்களைத் தூக்கிட்டுப் போற மாதிரி செய்வாங்க. பயப்படாம படுத்துக்க ஆள் வேணும் வசந்தா. நீ வாயேன்." நாட்டுக்காக என்று கூப்பிட்டால் உங்கள் மகளால் மறுக்க முடியுமா? போனேன்.

நெற்றியில் சிவப்புச் சாயம் பூசி, கட்டுப்போட்டு, மரத்தடியில் படுக்கவைத்தார்கள். சைரன் ஊதியது. கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் தூக்கி, மைதானத்தின் மறுகோடியில் போட்டிருந்த கூடாரத்துக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே போய்ப் பார்த்தால், அப்பா, ஓர் ஆஸ்பத்திரியே இருந்தது. புது மெத்தை, ஆக்ஸிஜன், டாக்டர், நர்ஸ், குளிர்ந்த காற்று. என் கையைப் பிடித்து நாடி பார்த்த அந்த டாக்டர் பையன், "கவலைப்படாதீங்கம்மா, நாங்க இருக்கோம்" என்றான். நடிப்புக்குத்தான் சொன்னான். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது.

படம் எடுத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, "முடிஞ்சுதும்மா, எந்திரிங்க. வெளியில மோர் தர்றாங்க" என்றார்.

நான் எழுந்திருக்கவில்லை.

முதலில் மயக்கம் என்று நினைத்துவிட்டார்கள். "மயக்கமெல்லாம் இல்லை. பெரிய அதிகாரியைக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் காயம்பட்டவதான்" என்றேன். சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து காதோரம், "என்ன வசந்தா இது, மானத்தை வாங்காதே" என்றார். வரிசையில் பேசினாலே முறைக்கிற டீச்சர் நான். ஓர் உத்தரவை மீறுவது இதுதான் முதல் தடவை. ஸ்ட்ரெச்சரின் இரும்பைப் பிடித்துக்கொண்டு படுத்தே கிடந்தேன்.

ஒரு பெண் அதிகாரி வந்தார். நாற்காலி கேட்டு வாங்கி என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். நான் சேகர் கதையைச் சொன்னேன். பாலத்தைச் சொன்னேன், நாயைச் சொன்னேன். "இந்த ஆம்புலன்ஸ் இங்க எவ்வளவு சீக்கிரம் வந்துது பாத்தீங்களா? எனக்கு ஒண்ணுமே ஆகலை மேடம், சாயம்தான். நெஜமா விழுந்தவன் வீட்ல கெடக்கறான்" என்றேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "உங்க கோபம் நியாயம்மா. ரூட்டை முடிவு பண்றது எங்க கையில இல்லை. ஆனா ஆம்புலன்ஸ் நிறுத்தறதுக்கு நான் எழுதறேன். நிச்சயமா எழுதறேன்" என்றார். அவர் முகம் பொய் சொல்லவில்லை. நான் எழுந்து வந்தேன். மோர் குடிக்கவில்லை.

அந்த வாரமே வீட்டுக்கு ஒருவர் வந்தார், படம் எடுக்க இன்னொருவரோடு. மேலிடத்திலிருந்து விசாரிக்கச் சொன்னார்கள் என்றார். அந்த நேரம் பார்த்து நான் கடைக்குப் போயிருந்தேன். மாலதி காபி போட உள்ளே போயிருக்கிறாள். வந்தவர் சேகரின் எதிரே உட்கார்ந்து, "ட்ரீட்மென்ட் எல்லாம் ஒழுங்கா கெடைக்குதா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"சரி" என்றிருக்கிறான் சேகர்.

"வேற ஏதும் குறை இல்லையே?"

"சரி."

சால்வை போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சில நாளில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. மனுதாரரின் குறை நேரில் விசாரித்துத் தீர்க்கப்பட்டதாம். நான் அதைச் சத்தமாகப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது. சேகருக்குப் புரிந்துவிட்டது. இடது கையால் அந்தச் சால்வையை இழுத்துத் தரையில் போட்டு, "சரி... சரி... சரி..." என்று கத்தினான். அழுகையும் கோபமுமாக ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பக் கத்தினான். காதர் பாய் வாசலில் நின்றபடி தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

அன்றைக்குத்தான் அப்பா எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. எதிரி நாட்டை நினைத்து இல்லை. எங்கள் சத்தத்தையே எடுத்து, எங்களுக்கு எதிராக எழுதிவிடுகிறார்களே, அதை நினைத்து.

மறுநாளிலிருந்து பயிற்சியை மாற்றினேன். கால் கை அப்புறம், முதலில் வாய். 'இல்லை' என்று சொல்லு சேகர். நாக்கை மேலே தூக்கு. அவன் வாய் 'சரி'யில்தான் போய் விழும். வியர்த்துக் கொட்டும். நான் விசில் ஊதவில்லை. அதற்கு மனசு வரவில்லை. வெகுநாள் போராட்டம். போன மாதம் ஒரு சாயங்காலம் மாலதி, "இன்னொரு தோசை போடவா?" என்று கேட்டாள். அவன் தட்டை மறைத்துக்கொண்டு, "இ...ல்ல" என்றான். தோசைக் கரண்டியோடு மாலதி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அவனைப் பார்த்து நான், "இந்த ஒரு வார்த்தையை வெச்சுக்கிட்டே பாதி ஊரை நிறுத்தலாம்டா" என்றேன். இந்தத் தடவை நானே அவனை அழைத்துப் போய் அந்தப் பெண் அதிகாரி முன்னால் நிறுத்தினேன். குறை தீர்ந்ததா என்றதற்கு, "இ...ல்ல" என்றான். மனுவை மறுபடி திறந்திருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் பற்றி மட்டும் இன்னும் பதில் இல்லை.

அடுத்த மாதம் இன்னொரு பெரிய தலைவர் வருகிறாராம். பானர் கட்டத் தொடங்கிவிட்டார்கள். அம்மாமண்டபம் சாலையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். எங்கள் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி இருக்கிறாள், காதர் பாயின் மருமகள். பிரசவ நாளும் அதை ஒட்டியே வருகிறது. பாய் வண்டிக்குப் புது டயர் மாற்றியிருக்கிறார். இந்த ஊரில் இனி எல்லாரும் இப்படித்தான் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ள வேண்டுமா? பதில் உங்களுக்குத் தெரிந்தால் கனவில் வந்தாவது சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், அப்பா. அவர்கள் பாலத்தை அடைக்கிற அன்று விடிவதற்கு முன்னால் நான் அங்கே இருப்பேன். என் பழைய மாணவிகளையும் கூப்பிட்டிருக்கிறேன். வருகிறோம் மிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். கோஷம் போட மாட்டோம், கல்லெடுக்க மாட்டோம். காதர் பாயின் வண்டி வந்தால், அதன் முன்னால் நடந்து போவோம். தடுப்பை அவர்கள் விலக்கும் வரை அங்கிருந்து நகர மாட்டேன். நீங்கள் உங்கள் இடத்தில் நின்றீர்கள். நான் என் இடத்தில் நிற்கிறேன்.

சேகருக்கு அக்காவும்,
உங்களுக்கு என்றும் மூத்த மகளுமான
வசந்தா
ஸ்ரீரங்கம்